பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

பிள்ளை பெற்று வந்திருக்கும் வீட்டில் காலை நேரத்தில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். குளிக்க ஊற்றுகிற பாட்டி வந்து மணைப்பலகையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டிக்கொள்வார். குழந்தையை அந்தக் கால்கள்மேல் போட்டு, எண்ணெயை வழித்துத் தேய்த்து, கைகால்களை மடக்கி நீட்டி, தலையை உருட்டி, மூக்கை நீவி, பதமான வெந்நீரை மொண்டு ஊற்றுவார். குழந்தை வீறிடும். துண்டு பிடிக்க ஒருத்தி, வெந்நீர் விளாவ ஒருத்தி, சாம்பிராணி போட ஒருத்தி என்று வீடே பரபரக்கும். வேலையில்லாமல் கதவோரம் நிற்பவள் ஒருத்திதான். குழந்தையின் அம்மா.

“பச்சை உடம்புக்காரி, ஈரத்துல நிக்காதே, உள்ளே போ” என்பார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாய்வீட்டிலிருந்து கிளம்பும்போது, தான் பெற்ற பிள்ளையின் உடம்பில் எண்ணெய் வைக்கவே அவளுக்குக் கை நடுங்கும். இப்போது நகரத்தில் பல வீடுகளில் அந்தப் பாட்டியும் கிடையாது. கைப்பேசியில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணைக் குழந்தையிலும் வைத்துக்கொண்டு தேய்க்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

குழந்தைக்கு மசாஜ் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். குழந்தையின் உடம்பை வெறும் கையாலோ கொஞ்சம் எண்ணெய் தொட்டோ, மெதுவாக, ஒரே சீராக நீவி விடுவது. அவ்வளவுதான். பெரியவர்களுக்குப் பிடித்துவிடுவதுபோல் இறுகிய தசையைத் தளர்த்தும் வேலை இதில் இல்லை. காலை நேராக்குவது, மூக்கை எடுப்பாக்குவது, தலையை உருண்டையாக்குவது எதுவும் இதனால் நடக்காது. தொடுவதும், தொட்டால் குழந்தை என்ன சொல்கிறது என்று கவனிப்பதும்தான் இதன் பாதி. அந்தப் பாதியைத்தான் வீடியோக்கள் சொல்லித்தருவதில்லை.

இங்கிருந்து போய்த் திரும்பி வந்தது

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் பிரெதெரிக் லெபோயே கல்கத்தாவில் சாந்தலா என்ற பெண் தன் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்து அசந்துபோனார்.  அந்தப் பெண்ணின் கைவேலையைப் படம் பிடித்து 1976இல் நூலாக்கினார். இன்றைக்கும் பிரேசிலில் குழந்தை மசாஜுக்குப் பெயரே ‘சாந்தலா’தான்.

அதே காலத்தில் விமலா மெக்ளூர் என்ற அமெரிக்கப் பெண் 1973இல் வட இந்தியாவில் ஓர் அனாதை இல்லத்தில் வேலை பார்த்தார். அங்கே கண்ட எண்ணெய்த் தேய்ப்பை ஊருக்கு எடுத்துப் போய், கொஞ்சம் யோகா, கொஞ்சம் ஐரோப்பிய மசாஜ் சேர்த்து ஒரு பாடத்திட்டம் ஆக்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சர்வதேசக் குழந்தை மசாஜ் சங்கம். அந்தப் பாடத்தில் தொடையிலிருந்து கணுக்கால் நோக்கிக் கீழே நீவுவதற்கு ‘இந்தியக் கறத்தல்’ என்று பெயர். மாட்டின் மடியில் பால் கறப்பதுபோல் கை வைப்பதால் கறத்தல். கணுக்காலிலிருந்து மேல்நோக்கிப் போனால் அது ‘ஸ்வீடன் கறத்தல்’. நம் அப்பத்தாக்கள் பெயரில்லாமல் செய்தது அங்கே பெயர் வாங்கிக்கொண்டு, இப்போது கட்டண வகுப்பாக நமக்கே திரும்பி வந்திருக்கிறது.

நொந்துகொள்ள வேண்டியதில்லை. அவர்கள் இரண்டு நல்ல விஷயங்களைச் சேர்த்தார்கள். ஒன்று, வகுப்பு எடுப்பவர் குழந்தையைத் தொடமாட்டார். அவர் மடியில் ஒரு பொம்மை இருக்கும். பொம்மையில் அவர் செய்து காட்டுவார், தன் குழந்தையில் அம்மா செய்வாள். இரண்டு, தொடங்கும் முன் குழந்தையிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும். கைக்குழந்தை என்ன பதில் சொல்லப்போகிறது? சொல்கிறது. எப்படி என்று கீழே பார்ப்போம்.

நானும் தாய்மார்களோடு உட்காரும்போது ஒரு துணிப்பொம்மையை வைத்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் இது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு பெண் பயந்து பயந்து விரல்நுனியால் தடவும்போது, “கொண்டாம்மா, இப்படி” என்று வாங்கிச் செய்யக் கை துறுதுறுக்கும். வாங்கினால் குழந்தை என் கையில் அமைதியாகிவிடும். அம்மாவோ ‘எனக்கு வராது’ என்று முடிவுகட்டிவிடுவாள். ஒரு முறை அப்படித்தான் ஆனது. நான் இரண்டு நிமிடத்தில் ‘சரிசெய்த’ குழந்தையின் அம்மா மறுவாரம் வரவேயில்லை. அதிலிருந்து என் கை பொம்மையை விட்டுப் போவதில்லை.

தொடுவது உள்ளே என்ன செய்கிறது

நம் தோலில், முக்கியமாக ரோமம் உள்ள பகுதிகளில், மெல்லிய நரம்பிழைகள் சில இருக்கின்றன. குத்தினால் வலிக்கிறது, சுட்டால் எரிகிறது என்று சொல்வது அவற்றின் வேலையில்லை. மெதுவாக வருடினால் மட்டும் விழித்துக்கொள்பவை. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதுதான் அவை நன்றாகத் துடிக்கின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். குழந்தையின் தொடையிலிருந்து கணுக்கால் வர நாலைந்து விநாடி எடுத்துக்கொண்டால் அந்த வேகம் வந்துவிடும். யாரும் அளந்து சொல்லாமலே, கொஞ்சும்போது அம்மாக்களின் கை ஏறக்குறைய இந்த வேகத்துக்குத்தான் போகிறது.

அமெரிக்காவில் சால் ஷான்பெர்க் என்பவர் எலிக்குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பார்த்தார். வளர்ச்சிக்கான ஹார்மோன் குறைந்தது. ஈரத் தூரிகையால், தாய் எலி நக்குவதுபோல் அழுத்தி வருடியபோது அது பழைய நிலைக்குத் திரும்பியது. இந்தச் சேதியைக் கையில் வைத்துக்கொண்டு உளவியலாளர் டிஃபனி ஃபீல்டும் அவரும் குறைமாதக் குழந்தைகளிடம் போனார்கள். தினம் மூன்று தடவை, தடவைக்கு 15 நிமிடம், 10 நாட்கள் நீவிவிடப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட நாளுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறினார்கள். ஆறு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். 1986இல் வெளியான ஆய்வு. இறகுபோல் தடவியதைவிட மிதமாக அழுத்தி நீவியதே பலன் தந்தது என்று ஃபீல்டின் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. அப்படி நீவும்போது மூளையிலிருந்து வயிறு வரை போகும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இரைப்பையின் அசைவு கூடுகிறதாம்.

47 என்ற எண்ணைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம். அதில் இருந்தவை 40 குழந்தைகள்தாம். பின்னால் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது வித்தியாசம் நாளுக்குச் சுமார் 5 கிராம் என்று வந்தது. அந்த ஆய்வுகளின் தரமும் சுமார்தான். நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்கு? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2013இல் எல்லாவற்றையும் அலசிவிட்டு, எல்லாருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் பலமாக இல்லை என்றது. உலக சுகாதார நிறுவனம் 2022இல், ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தைக்கு மென்மையான உடல் மசாஜ் செய்வதைப் பரிசீலிக்கலாம் என்று அளந்து பேசியது. ஆகவே ‘மூளை வளரும், எலும்பு இரும்பாகும்’ என்று எண்ணெய் பாட்டில் விளம்பரத்தில் வருவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் ஆய்வு. லண்டனில், பிள்ளை பெற்ற பின் மனச்சோர்வில் விழுந்த 34 தாய்மார்களைச் சேர்த்து நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு. எல்லாரும் ஆறுதல் குழு ஒன்றில் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு மட்டும் வாரம் ஒரு முறை ஐந்து வாரம் குழந்தை மசாஜ் கற்றுத்தந்தார்கள். கற்றவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்தது. அவர்களும் குழந்தையும் ஒருவரையொருவர் பார்த்துப் பழகும் விதமும் மேம்பட்டது. சிறிய ஆய்வுதான், பாதியில் நின்றவர்களும் உண்டு. ஆனாலும் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. தினம் பத்து நிமிடம் குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காரும் பெண்ணுக்கு அதன் மொழி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது. மசாஜில் உறுதியாகக் கிடைப்பது அதுதான். பாட்டி தேய்த்தால் அது பாட்டிக்குப் போகிறது.

சரி, எப்படித் தொடங்குவது?

பால் குடித்து அரை மணி, முக்கால் மணி போகட்டும். குழந்தை விழித்துக்கொண்டு, பசியில்லாமல், தூக்கக் கலக்கமில்லாமல் இருக்கும் நேரம் வேண்டும். குளிப்பதற்கு முன்புதான் செய்ய வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, சாயங்காலமும் செய்யலாம். மின்விசிறிக் காற்று நேராக மேலே படக் கூடாது. மோதிரம், கண்ணாடி வளையல் கழற்றி வையுங்கள், நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். தரையில் பாய் போட்டு, சுவரில் நன்றாக முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, துண்டை விரித்துத் தொடைமேல் குழந்தையைப் படுக்க வையுங்கள். முகம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். சிசேரியன் ஆனவர்கள் குனிந்து செய்வதைத் தவிர்க்கத்தான் இந்த உட்காரும் முறை.

உள்ளங்கையில் கால் ஸ்பூன் எண்ணெயை ஊற்றி இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்துச் சூடாக்குங்கள். அந்தச் சத்தம் குழந்தைக்குக் கேட்கட்டும். “கண்ணு, கால் தேய்க்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுக் கையை அதன் தொடையில் வைத்து, அசைக்காமல் இரண்டு மூச்சு பொறுங்கள். ஒரு வாரம் போனால் கை தேய்க்கும் சத்தத்துக்கே காலை உதைத்துச் சிரிக்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

பதில் இப்படித்தான் வரும். முகம் உங்கள் பக்கம் திரும்பி, கைகால் தளர்ந்து, ‘ங்கு’ என்று ஒலி வந்தால் சரி என்று அர்த்தம். முகத்தை வேறு பக்கம் திருப்புவது, முதுகை வில்லாக வளைப்பது, விரல்களை விசிறிபோல் விறைப்பாக விரிப்பது, விக்கல், அடுத்தடுத்துக் கொட்டாவி, சிணுங்கல் எல்லாம் ‘இப்போ வேண்டாம்’. அப்போது கையை எடுத்துவிட்டுத் தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது. “அழ அழத் தேய்ச்சாத்தான் உடம்பு இறுகும், நல்லாத் தூங்கும்” என்பார்கள். அழுது களைத்துத் தூங்குவது வேறு, இதமாகித் தூங்குவது வேறு.

காலிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துணி மாற்றும்போதெல்லாம் காலைத்தான் பிடிக்கிறோம், அது குழந்தைக்குப் பழக்கம். நெஞ்சிலும் வயிற்றிலும் திடீரென்று கை வைத்தால் வெடுக்கென்று திடுக்கிடும். ஒரு கையால் குதிகாலைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வளையம்போல் ஆக்கித் தொடையிலிருந்து கணுக்கால் வரை நீவுங்கள். கையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உள்ளங்காலைக் கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல் நோக்கித் தேய்த்து, ஒவ்வொரு விரலாக உருட்டி விடுங்கள். அழுத்தம் எவ்வளவு என்றால், தோல் கையோடு லேசாக நகர வேண்டும், வெளுக்கவோ சிவக்கவோ கூடாது. இறகால் தடவுவதுபோல் இருந்தால் குழந்தைக்குக் கூச்சம்தான் எடுக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் கால் மட்டும் போதும். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

அப்புறம் வயிறு. தொப்புள்கொடி விழுந்து புண் ஆறிய பிறகுதான் இதில் கை வைக்க வேண்டும். பெருங்குடல் வயிற்றுக்குள் ‘ப’ எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் கிடக்கிறது. குழந்தையின் வலது பக்கம் கீழிருந்து ஏறி, விலாவுக்குக் கீழே குறுக்கே போய், இடது பக்கம் இறங்குகிறது. கையும் அந்த வழியே போக வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது கடிகார முள் சுற்றும் திசை. எதிர்த்திசையில் சுற்றாதீர்கள். விலா எலும்பை அழுத்தாமல் அதற்குக் கீழேயே இருங்கள். பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்து மெதுவாக வயிற்றுப் பக்கம் மடக்கி, சில விநாடி வைத்து விடுங்கள். காற்று பிரியும், வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். வயிறு கல்லாக உப்பியிருந்தாலோ பச்சையாக வாந்தி எடுத்தாலோ மசாஜ் செய்துகொண்டிருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நெஞ்சை நடுவிலிருந்து இரு புறமும் நீவுங்கள். கைகளைப் பெரும்பாலான குழந்தைகள் மடக்கி இறுக்கி வைத்திருக்கும். இழுத்து நீட்டாமல், மடங்கியபடியே தோளிலிருந்து நீவினால் தானே தளரும். முதுகுக்குக் குழந்தையைத் தொடைமேல் குறுக்கே குப்புறப் போட்டு, முதுகெலும்பின் இரு பக்கமும் கழுத்திலிருந்து கீழே கொண்டுவாருங்கள். எலும்பின்மேல் அழுத்தம் வேண்டாம். முகத்துக்கு எண்ணெய் வேண்டாம், விரல் மட்டும் போதும். காய்ச்சல், தோலில் கொப்புளம் இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். தடுப்பூசி போட்ட தொடையை இரண்டு நாள் தொடாதீர்கள். பிறந்ததும் காசநோய் வராமலிருக்க இடது தோளில் போட்ட பிசிஜி ஊசி சில வாரத்தில் கட்டியாகிப் புண்ணாகி ஆறும். அதைத் தேய்க்கவே கூடாது. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். அதற்கு அம்மாவின் நெஞ்சோடு தோலொட்ட அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்புதான் முதல் மருந்து.

எண்ணெய் எது என்று சண்டையே நடக்கும். நம் ஊருக்குத் தேங்காயெண்ணெய் போதும், வாசனை சேர்க்காததாக. கடுகெண்ணெய் தோலை உறுத்தும். ஆலிவ் எண்ணெய் விலை அதிகம் என்பதால் உசத்தி என்று நினைக்கிறார்கள். மான்செஸ்டரில் பச்சைக் குழந்தைகளுக்கு ஆலிவ், சூரியகாந்தி எண்ணெய்களை நான்கு வாரம் தடவிப் பார்த்தபோது, தோலின் பாதுகாப்பு அடுக்கு முதிர்வது எண்ணெய் தடவாத குழந்தைகளைவிட மந்தமாக இருந்ததாக 2016இல் எழுதினார்கள். தோல் வறண்டு அரிக்கும் குழந்தைக்கு டாக்டர் சொல்லும் களிம்புதான். எண்ணெயே இல்லாமல் மெல்லிய சட்டைமேல் நீவினாலும் மசாஜ்தான்.

பாட்டி செய்வதில் எதை விடுவது

பாட்டிகளின் கை எனக்குப் பிடிக்கும். எத்தனையோ குழந்தைகளைப் பார்த்த அந்தக் கைக்குத் தயக்கம் என்பதே கிடையாது. ஆனால் சிலவற்றை நிறுத்தச் சொல்லியே ஆக வேண்டும்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது முதலாவது. மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைக்கூட எழுப்பாமல் நுரையீரலுக்குள் வழுக்கிப் போய்விடும். அது கரையாது, நிமோனியா வரும். மூக்கில் வாயால் ஊதி எடுப்பதில் பெரியவரின் கிருமி குழந்தைக்குப் போகும். அடுத்தது மார்பைப் பிழிந்து பால் எடுப்பது. பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு சற்று வீங்குவது தாயின் ஹார்மோனால் வருவது, சில வாரத்தில் தானே வற்றிவிடும். பிழிந்தால் சீழ்க்கட்டி கட்டும், கத்தி வைக்கும் வரை போகும். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளுவதும் இதே ரகம். உச்சிக்குழியில் கிண்ணம்போல் எண்ணெய் ஊற்றி அழுத்துவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, ஒரு கையை மட்டும் பிடித்துத் தூக்குவது எதுவும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் முகத்தருகே கொட்டும் பவுடரும் மூச்சுக்குழாயை உறுத்துபவை.

இதையெல்லாம் பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய கேள்வி. “டாக்டர் திட்டுனாங்க பாட்டி” என்பது எல்லா வீட்டிலும் செல்லுபடியாகிற ஒரு வாக்கியம். இன்னொரு வழியும் உண்டு. “அத்தை, நீங்க குளிக்க ஊத்துங்க. அதுக்கு முன்னாடி கால் மட்டும் நான் தேய்க்கட்டுமா? நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க.” மாமியார் சொல்லித்தருபவர் ஆகிவிடுவார், கை மருமகளுடையதாக இருக்கும். ஒரு மாதத்தில் காலிலிருந்து முதுகு வரை வந்துவிடலாம். அப்பாக்களுக்கும் இதே பாடம்தான், தனியாக ஒன்றுமில்லை. ராத்திரி வேலை முடிந்து வருகிறவருக்கு அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கிக் கொடுத்தால் அம்மாவுக்குக் குளிக்க நேரம் கிடைக்கும்.

முடித்தவுடன் எண்ணெய்க் கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள், விலாங்கு மீனாக வழுக்கும். கையைத் துடைத்துக்கொண்டு, கீழே விரித்த துண்டோடு சேர்த்துச் சுருட்டித் தூக்குங்கள். பெரும்பாலும் உடனே பால் கேட்கும்.